எலியின் தோல் காய ஆய்வில் ஜிஏபிடிஎச் ஒன்றையே ஒப்பீட்டு மரபணுவாக வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி நீளமாக இருப்பதால் சுருக்கிவிடுகிறேன். கேட்பவர் தருமபுரியில் எம்.எஸ்சி. படிப்பவர். வெட்டுக்காயப் பூண்டின் இலைச்சாற்றை எலியின் தோல் காயத்தில் தடவுகிறார். 1, 3, 7, 14-ஆம் நாட்களில் திசு எடுத்து, பெங்களூருவில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி, அழற்சி மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்று கியூபிசிஆரில் பார்க்கப் போகிறார். "எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் ஜிஏபிடிஎச்தான் இருக்கிறது, வழிகாட்டியும் அதுவே போதும் என்கிறார். போதுமா?"

போதாது. வேறு ஆய்வாக இருந்தால் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருப்பேன். காயம் என்பதால் யோசிக்காமலே சொல்கிறேன். நான் கிருஷ்ணகிரிக்காரன், திசு ஆய்வுக்கூடத்தில் வேலை. வாரம் தவறாமல் இந்தத் தகராறைப் பார்க்கிறேன்.

கியூபிசிஆர் கருவி தருவது சிடி என்னும் சுழற்சி எண் மட்டும்தான்: எத்தனை முறை நகலெடுத்த பிறகு மரபணு கருவிக்குத் தென்பட்டது என்ற கணக்கு. எண் குறைந்தால் அளவு கூடுதல் என்று பொருள். ஒரு குழாயில் ஆர்என்ஏ சற்றுக் கூடுதலாகப் போயிருக்கும். இன்னொன்றில் ஆர்என்ஏ, சிடிஎன்ஏ என்னும் டிஎன்ஏ நகலாக மாறுவது பாதியில் நின்றிருக்கும். அந்த ஏற்றத்தாழ்வைக் கழிப்பதற்காகத்தான் மாறாத ஒரு மரபணுவைப் பக்கத்தில் வைத்து அளக்கிறோம். மாறாமல் இருப்பதுதான் அதற்கு வேண்டிய ஒரே தகுதி. பிலிகுண்டுலுவில் காவிரியின் நீர்வரத்தை அளக்கும் அளவுகோல் வெள்ளத்தோடு சேர்ந்து மிதந்து உயர்ந்தால், ஒகேனக்கல்லில் பரிசல் விடலாமா கூடாதா என்று எவர் சொல்ல முடியும்?

கணக்காகவே பாருங்கள். காயமில்லாத தோலில் ஜிஏபிடிஎச்சின் சிடி 20, மூன்றாம் நாள் காயத்தில் 18 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் சம அளவு ஆர்என்ஏதான் போட்டிருக்கிறீர்கள். சுழற்சிக்கு ஒருமுறை இரட்டிப்பு என்பதால் இரண்டு சுழற்சிக்கு 4 மடங்கு. அழற்சி மரபணுவான இன்டர்லூகின்-6 உண்மையாகவே 4 மடங்கு கூடி அதன் சிடி 28-இலிருந்து 26-க்கு இறங்கியிருக்கிறது. கழித்தால் அங்கேயும் 8, இங்கேயும் 8. "மாற்றம் ஏதுமில்லை" என்று வரைபடம் வரும். அசையவே அசையாத வேறொரு மரபணுவோ கால் பங்காகக் குறைந்துவிட்டதாகக் காட்டும். இப்படிச் சிடியைக் கழித்து மடங்கு காண 2001-இல் லிவாக்கும் ஷ்மிட்ஜனும் தந்த சூத்திரம் இதைக் கண்டுபிடித்துத் தராது. கொடுத்ததைக் கழித்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

ஜிஏபிடிஎச் ஏன் அசைகிறது? அது சர்க்கரையைச் சிதைக்கும் கிளைக்காலிசிஸ் பாதையின் நொதி. தோலை வெட்டும்போது ரத்தக் குழாய்களும் அறுபடுகின்றன. அந்த இடத்தில் ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் எச்ஐஎஃப்-1 என்ற புரதம் விழித்து அந்தப் பாதையின் மரபணுக்களை முடுக்கிவிடும். அழற்சிக்கு வரும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்களும் கிளைக்காலிசிஸையே பெரிதும் நம்பியிருப்பவை.

சரி, ஒப்பீட்டுக்கு அடிக்கடி எடுக்கும் இன்னொரு மரபணுவான பீட்டா ஆக்டினுக்கு மாறிக்கொள்ளலாமே என்பீர்கள். காயத்துக்கு அதைவிட மோசமான தேர்வு கிடைப்பது கடினம். செல் நகர ஆக்டின் வேண்டும். காயம் ஆறுவதே செல்கள் நகர்ந்து வந்து மூடுவதால்தான். உறங்கிக் கிடக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) மீது சீரம் பட்டால் ஆக்டின் மரபணு உடனே விழித்துக்கொள்ளும் என்பது 1980-களிலேயே செல் வளர்ப்பில் தெரிந்துபோன விஷயம். உறைந்த ரத்தத்திலிருந்து சீரம் ஊறுகிற இடத்தைத்தானே காயம் என்கிறோம்! போதாக்குறைக்கு, ஏழாம் நாளை ஒட்டி வரும், காயத்தைச் சுருக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்களில் ஆல்ஃபா ஆக்டின் குவிந்திருக்கும். மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமர் கவனக்குறைவாக அமைந்திருந்தால் அதையும் சேர்த்துப் பிடித்துவிடும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. முதல் நாள் திசுவும் பதினான்காம் நாள் திசுவும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை என்றாலும் ஒரே செல்கள் அல்ல. முதல் நாள் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக் கூட்டம், மூன்றாம் நாள் மேக்ரோஃபேஜ், ஏழாம் நாள் புதுச் சதையில் ஃபைப்ரோபிளாஸ்ட்டும் புது ரத்தக் குழாய்களும். எந்த மரபணுவும் ஒரு செல்லுக்குள் மாறாமல் இருந்தாலும், கூட்டமே மாறும்போது மொத்த அளவு மாறத்தான் செய்யும். ஆகவே திசு எடுக்கும்போதே கண்டிப்பாக இருங்கள். மூன்றாம் நாள் காயத்தின் மேல் கெட்டியாக ஒரு பொருக்கு இருக்கும். உலர்ந்த ஃபைப்ரினும் செத்த நியூட்ரோஃபில்லும்தான் அதில். இடுக்கியால் தூக்கினால் அடியிலுள்ள ஈரமான இளஞ்சிவப்புத் திசுவும் ஒட்டிக்கொண்டு வரும். பொருக்கை நீக்குவதா வைத்துக்கொள்வதா, சுற்றியுள்ள நல்ல தோல் எத்தனை மில்லிமீட்டர் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எல்லா எலிக்கும் அப்படியே செய்யுங்கள். ஒன்றில் நல்ல தோல் அதிகமாகிவிட்டால் பிறகு எந்த மென்பொருளும் காப்பாற்றாது. எடுத்ததை அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் நறுக்கி, ஆர்என்ஏ சிதையாமல் காக்கும் ஆர்என்ஏலேட்டர் திரவத்தில் போட்டு அனுப்புங்கள்.

ஒப்பீட்டுக்கு பீட்டா-2 மைக்ரோகுளோபுலினைத் தொடவே வேண்டாம்; இன்டர்ஃபெரான் என்னும் நோயெதிர்ப்புப் புரதம் பட்டால் ஏறும். 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மிக அதிகமாக இருப்பதால் சிடி 28-இல் வரும் மரபணுவோடு ஒப்பிடப் பொருந்தாது. அதற்கு பாலி-ஏ வாலும் இல்லை. அந்த வாலைப் பிடித்தே வேலை செய்யும் ஆலிகோ-டிடி கொண்டு சிடிஎன்ஏ தயாரித்தால் ஒழுங்காகப் பிடிபடாது.

செய்ய வேண்டியது இதுதான். வெவ்வேறு வேலை செய்யும் ஏழெட்டு மரபணுக்களை எடுங்கள்: டிபிபி, எச்பிஆர்டி1, ஒய்டபிள்யூஎச்ஏஇசட், எஸ்டிஎச்ஏ, எச்எம்பிஎஸ், பிபிஐஏ, ஆர்பிஎல்பி0 போன்றவை. ஒவ்வொரு நாளிலிருந்தும், சாறு தடவியது தடவாதது இரண்டிலிருந்தும் சில மாதிரிகளை ஓட்டுங்கள். சாறு தடவியதை விட்டுவிடாதீர்கள். வெட்டுக்காயப் பூண்டின் சாறு காயத்தைச் சீக்கிரம் ஆற்றுகிறது என்றால், அதே நாளில் இரண்டு குழுவும் ஆறுதலின் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும். ஒப்பீட்டு மரபணுவும் அதற்கேற்ப நகரலாம். இதற்குப் புதிதாக எலி தேவையில்லை, இருக்கும் ஆர்என்ஏவே போதும்.

கிடைத்த எண்களை, எந்த மரபணு நிலையானது என்று கணிக்கும் மென்பொருள்களான 2002-இல் வந்த ஜீநார்மிலும் 2004-இல் வந்த நார்ம்ஃபைண்டரிலும் போடுங்கள். ஜீநார்ம் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். சேர்ந்தே ஏறி இறங்கும் இரண்டு மரபணுக்களை அது நிலையானவை என்று சொல்லிவிடும். நார்ம்ஃபைண்டர் குழுக்களுக்கிடையேயான வேறுபாட்டையும் பார்க்கிறது. ஜீநார்ம் தரும் வி மதிப்பு 0.15-க்குக் கீழே வந்தால் இன்னொரு மரபணு சேர்க்கத் தேவையில்லை. தேறிய இரண்டு அல்லது மூன்றின் பெருக்கல் சராசரியால் கழியுங்கள். பிரைமரின் திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வழிகாட்டி விஷயம். கியூபிசிஆர் ஆய்வை எப்படி வெளியிட வேண்டும் என்று 2009-இல் வெளிவந்த எம்ஐக்யூஇ நெறிமுறைகள், நிலையானது என்று தெளிவாக நிரூபிக்காமல் ஒரே ஒரு மரபணுவை வைத்துக் கழிப்பதை ஏற்பதில்லை. அதை நீட்டிக்கொண்டு போய் அவரிடம் வாதாட வேண்டாம். ஜிஏபிடிஎச்சையும் பட்டியலில் சேர்த்தே ஓட்டுங்கள். அதற்கு மரபணுத் தொகுதியில் இன்ட்ரான் இல்லாத போலி நகல்கள் ஏராளம் என்பதால், டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டு, ஆர்என்ஏவை சிடிஎன்ஏ ஆக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத ஒரு குழாயையும் கூடவே வையுங்கள். நிலையாக வந்தால் அவர் சொன்னபடியே அதையும் வைத்துக்கொள்ளலாம். நிலைத்தன்மைப் பட்டியலில் அது கடைசி இடத்துக்குப் போனால், நாள்வாரியான சிடி அட்டவணையை அவர் மேசையில் வைத்துவிட்டு, "சார், இதில் எதை எடுத்துக்கொள்ளலாம்?" என்று கேளுங்கள்.