மகள் நாடாப்புழு ஆய்வுக்குப் போக விரும்பினால்

அன்புள்ள அம்மா,

“புழுவைப் படித்தவளுக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்?” என்று கேட்டீர்கள். உயர்நிலை நான்கில் மகள் இருக்கும்போது எழும் நியாயமான பயம்தான். ஆனால் அவளை இழுத்தது புழு அல்ல, ஒரு புதிர்.

மனிதக் குடலில் வாழும் பன்றி நாடாப்புழு, மாட்டு நாடாப்புழு இரண்டின் முட்டைகளும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பன்றி நாடாப்புழுவின் முட்டையை விழுங்கிவிட்டால் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கலாம். இந்நோய் பரவியுள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கண்ணால் பிரிக்க முடியாத அந்த முட்டைகளைப் புழுவின் மைட்டோகாண்ட்ரியா மரபணு காட்டிக்கொடுத்துவிடும். மரபணுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் எந்த இனம் என்று தெரிந்துவிடும். மூளைக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். புழுவுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களை இரத்தத்தில் தேடுவார்கள். கட்டி ஒன்றே ஒன்றாக இருந்தால் சோதனை பல நேரம் அதைத் தவறவிட்டுவிடும். அதனால்தான் இரத்தத்திலும் சிறுநீரிலும் புழுவின் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் ஆய்வுகள் நடக்கின்றன. பதினாறு வயதில் இதில் மனம் போவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

வேலைக்கு வருவோம். சிங்கப்பூரில் நாடாப்புழு அரிது. அதை மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். ஆனால் அவள் கற்கப்போகும் கைத்திறன் எந்தக் கிருமிக்கும் பொருந்தும். 2020இல் சிங்கப்பூரின் அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் ஆய்வாளர்களும் டான் டோக் செங் மருத்துவமனையும் உருவாக்கிய கொவிட் சோதனைக் கருவித்தொகுப்பும் இதே பிசிஆர்தான். மருத்துவமனை ஆய்வுக்கூடங்களும் நோயறி கருவி நிறுவனங்களும் தேடுவது இந்தத் திறனைத்தான்.

கைவேலையில் நாட்டம் இருந்தால் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டு உயிர்மருத்துவ அறிவியல் பட்டயம் எடுக்கலாம். அவளுக்கு அதுவே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. தொடக்கக் கல்லூரி என்றால் வேதியியலை விட்டுவிடக் கூடாது. சொந்தமாக ஆய்வு நடத்த முனைவர் பட்டம் வேண்டும். பட்டப்படிப்புக்குப் பின் இன்னும் நான்கைந்து ஆண்டுகள். உபகாரச் சம்பளம் எடுத்தால் பணி ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

ஜனவரியில் தொழிற்கல்லூரிகளின் பொது வரவேற்பு நாளுக்கு அவளை அழைத்துச் செல்லுங்கள். ஆய்வுக்கூட மாணவர்களிடம் அவளே பேசட்டும். ஒரே சோதனையை நாற்பது மாதிரிகளில் செய்த நாள் எப்படி இருந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். வீடு திரும்பும்போது அவள் முகத்தைப் பாருங்கள். பிறகு என்னை அழையுங்கள்.