அடுப்பில்லாத விடுதி அறையில் மதிய உணவு: அம்பாசமுத்திரத்துத் தம்பிக்கு ஒரு பதில்

படிப்பதற்காக அம்பாசமுத்திரத்திலிருந்து பிரான்சுக்கு வந்திருக்கும் தம்பி, விடுதி அறையில் சமைப்பதற்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலைத் தவிர வேறொன்றும் இல்லை என்றும், தினமும் ரொட்டி தின்று அலுத்துவிட்டது என்றும் எழுதி, ரவை போலிருக்கும் குஸ்குஸை வாங்கி உப்புமா செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள், ஆனால் உப்புமா வேண்டாம். மதியத்துக்கு டப்பாவில் கொண்டுபோக, தழைகள் சேர்த்த சாலட்தான் அதற்குப் பொருந்தும்.

குஸ்குஸ் என்பது டியூரம் கோதுமை ரவையில் தண்ணீர் தெளித்துச் சிறு மணிகளாக உருட்டியது. கடையில் பாக்கெட்டில் விற்பது பெரும்பாலும் முன்பே ஆவியில் வேகவைத்து உலர்த்தியதாகையால், அதை மறுபடி வேகவைக்க வேண்டியதில்லை. ரவைக்கு ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினால் கூழாகிவிடும். ஒரு கப் குஸ்குஸில் அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் சேர்த்துப் பிசறி, அதே கப்பால் ஒரு கப் கொதிநீரை ஊற்றி, தட்டால் மூடி ஐந்து நிமிடம் தொடாமல் விட்டுவிடுங்கள். பிறகு முள்கரண்டியால் கீறிக் கீறி உதிர்த்து, அகலமான தட்டில் பரப்பி ஆற விடுங்கள். சூட்டோடு தழையைப் போட்டால் அது வாடிக் கறுத்துவிடும்.

இந்த உணவின் உயிர் தழைகளில்தான் இருக்கிறது. சாம்பார் இறக்கும்போது மேலே தூவுவது போல நாலு இலை கிள்ளிப் போட்டால் போதாது. புதினா ஒரு கைப்பிடி, பார்ஸ்லியோ மல்லித்தழையோ இரண்டு கைப்பிடி என்று பொடியாக நறுக்கிச் சேர்க்க வேண்டும். தட்டை இலைப் பார்ஸ்லி பார்வைக்கு நம் மல்லித்தழையைப் போலவே இருக்குமாதலால், கட்டை எடுக்குமுன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். புதினாவைக் கூர்மையான கத்தியால் ஒரே முறை நறுக்குங்கள். திரும்பத் திரும்பக் கொத்தினால் நசுங்கிக் கறுக்கும். புளியங்குடி எலுமிச்சையில் பழகிய நாக்குக்கு இங்குள்ள பெரிய மஞ்சள் எலுமிச்சையின் புளிப்பு சற்று மென்மையாகவே படும். ஆகவே ஒரு பழத்தை முழுவதும் பிழியத் தயங்க வேண்டாம்.

வெள்ளரிக்காய், தக்காளி இரண்டிலும் விதையை வழித்தெடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மதியத்துக்குள் நீர் விட்டுவிடும். பல்லாரி வெங்காயம் பாதி போதும். வயிறு நிறைய, டின்னில் வரும் வெந்த கொண்டைக்கடலையைக் கழுவிச் சேர்க்கலாம். கடுகும் உளுந்தும் தாளித்துக் கொட்டக் கை பரபரக்கும். அடுப்பு கிடைக்கும் நாளில் அதையும் செய்து பாருங்கள், ஆனால் புதினாவின் மணம் அதில் அடங்கிப்போகும் என்பது என் எண்ணம்.

உடன் படிக்கும் வட ஆப்பிரிக்க நண்பர்களிடம் இதையே குஸ்குஸ் என்று சொல்லி நீட்டாதீர்கள். அவர்கள் வீடுகளில் கொதிக்கும் குழம்புக்கு மேலே துளைப்பாத்திரத்தை வைத்து, அதன் ஆவியிலேயே மணிகளை ஒன்றுக்கு மேற்பட்ட முறை வேகவைத்து உதிர்க்கிறார்கள். அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மொரித்தானியா ஆகிய நான்கு நாடுகளின் அந்தச் சமையல் மரபை யுனெஸ்கோ 2020இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாம் செய்வது பிரெஞ்சுக் கடைகளில் தபூலே என்று விற்கும் வகையைச் சேர்ந்தது. லெபனான்காரர்களோ, தபூலே என்றால் பார்ஸ்லி மிகுதியாகவும் உடைத்த கோதுமை கொஞ்சமாகவும் இருக்க வேண்டும் என்பார்கள்.

ஒரு கப் குஸ்குஸ் ஒருவருக்கு இரண்டு வேளைக்கு வரும். மறுநாளுக்குரிய பங்கைத் தழை சேர்க்காமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் தழையும் இன்னும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் கலந்து எடுத்துச் செல்லுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத நண்பர் யாராவது இருந்தால், இதுவும் கோதுமைதான் என்று பரிமாறும் முன்பே சொல்லிவிடுங்கள்.