பேக்கரிக்காரம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

சொந்த ஊர் மேலூர். மதுரையில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இப்போது பிரான்சில், துலூஸில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில்தான். கிளம்புவதற்கு முன் ஒரு வருடம் பிரெஞ்சு படித்து டெல்ஃப் பி1 தேர்விலும் நல்ல மார்க்கோடு தேறினேன். ஆனால் இங்கே வாயைத் திறந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. போன மாதம் பேக்கரியில் ஒரு பாகெத், அந்த நீள ரொட்டி, கேட்டேன். கடைக்கார அம்மா பதிலுக்கு ஏதோ இரண்டு மூன்று வார்த்தையில் கேட்டார், எனக்குப் புரியவில்லை, பின்னால் ஆறேழு பேர் வரிசையில். அவர் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். வெளியே வந்து அழுதேன். அதற்கப்புறம் சூப்பர் மார்க்கெட்டில் நாமே ஸ்கேன் செய்துகொள்ளும் கவுன்ட்டருக்குத்தான் போகிறேன், அங்கே யாரோடும் பேச வேண்டாம். கூடத் தங்கியிருக்கும் மூன்று பேரும் தமிழ்ப் பெண்கள். அவர்களை விட்டு விலகினால்தான் பிரெஞ்சு வரும் என்கிறார் ஒரு சீனியர். நீங்களும் பிரான்சில், லீல் நகரில் இரண்டு வருடம் படித்ததாக எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பயம் எப்படிப் போனது? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். (நீ இருக்கும் ஊரில் இதற்கே ஒரு சம்பிரதாயம் உண்டு. ‘வூ’ (நீங்கள்) போட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒருநாள், இனிமேல் ‘த்யு’ (நீ) என்றே பேசிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டுத்தான் மாறுவார்கள். நீ, நீங்கள் என்று பேசியே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.)

முதலில் அந்த பேக்கரி. அந்த அம்மா கேட்டது அநேகமாக ‘எ அவெக் சுசி?’ என்பதாக இருக்கும். ‘இதோடு வேறு?’ என்று அர்த்தம். மேலூர் மளிகைக் கடையில் பருப்பை நிறுத்துக் கட்டி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமலே ‘வேற?’ என்பார்களே, அதேதான். பதில் ‘சு ஸ்ரா தூ’, அவ்வளவுதான் போதும் என்று. பி1 தேர்வில் 160 வார்த்தையில் கட்டுரை எழுதியிருப்பாய், ஆனால் பிரான்சில் கடைக்குக் கடை கேட்கும் இந்தக் கேள்வியை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்றால் அதற்கு நீ ஏன் அழ வேண்டும்?

நீ படித்துக்கொண்டு போனது எழுத்து பிரெஞ்சு. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்குப் புத்தகத்தில் ‘ஜு நு சே பா’ என்று இருக்கும், உன் வகுப்புப் பையன்கள் ‘ஷே பா’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். ‘இல் நியா பா’ என்பது ‘யா பா’ ஆகிவிடும். ‘நாம்’ என்பதற்கு ‘நூ’ என்று மனப்பாடம் செய்திருப்பாய், தெருவில் எல்லாரும் ‘ஓன்’ என்பார்கள். இதைப் பார்த்து ஒரு ஆங்கிலேயர் ஆச்சரியப்படட்டும், ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்று பேசுகிற நாம் எதற்கு ஆச்சரியப்பட வேண்டும்? மாட்டுத்தாவணியில் இறங்கி, ‘ஐயா, திருப்பரங்குன்றம் செல்லும் பேருந்து எங்கே நிற்கும்’ என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்டால் நம் ஆளுக்குப் புரியும், ஆனால் ‘அந்தா அங்கிட்டுப் போய் நில்லுங்க, இப்ப வந்துரும்’ என்ற பதில் கேட்டவருக்குப் புரியாது. இப்போது நீதான் அந்த வெள்ளைக்காரர்.

உச்சரிப்புக்கும் நீ பயப்படுவாய் என்று ஊகிக்கிறேன். பணம், மரம், பழம் என்று பேச்சில் சொல்லிப் பார். கடைசியில் உதடு மூடாது, மூக்கு வழியாக ஒரு ‘ஓ’ வந்து நிற்கும். ‘நல்ல’ என்பதற்கான ‘போன்’ என்ற பிரெஞ்சு வார்த்தையின் முடிவும் அதேதான். மற்றவர்கள் மாதக்கணக்கில் பழகுகிற ஒலி உன் வாயில் பிறந்ததிலிருந்து இருக்கிறது. அப்புறம், துலூஸ்காரர்களே பாரிஸ் மாதிரி பேசுவதில்லை. ரொட்டியை ‘பெங்’ என்பதுபோலச் சொல்வார்கள், பாரிஸ்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், இவர்கள் கவலைப்படமாட்டார்கள். நாம் ‘அங்கிட்டு இங்கிட்டு’ என்பதற்குச் சென்னையில் சிரிப்பதில்லையா? மெட்ரோவில் ஸ்டேஷன் பெயரை இரண்டாம் முறை வேறு மாதிரி சொல்வதைக் கேட்டிருப்பாயே, அது அந்த மண்ணின் ஆக்சிதான் மொழி.

எனக்குப் பயம் போன கதையைக் கேட்டாய். முழுசாகப் போகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லீலில் நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி முதல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார். நம் ஊர் வழக்கப்படி வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து ‘ஜு ஸ்வி ப்ளேன்’ என்றேன். மேஜையைச் சுற்றி ஒரு நொடி அமைதி. பசு, பூனைக்குச் சொல்வது அது. அதாவது நான் சினையாக இருக்கிறேன் என்று அறிவித்திருக்கிறேன்! பாட்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, ‘ஜே பியான் மாஞ்சே’ என்று சொல்ல வேண்டும், நன்றாகச் சாப்பிட்டேன் என்று அர்த்தம், என்று திருத்தினார். அதற்குப் பிறகு ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் மதுரையில் மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துத் தையல்காரர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். கல்தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது, நான் பாவாடை தைக்க அம்மாவோடு போவேன். அவருக்கு வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் தமிழ், மீனாட்சி கோயில் பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர்களிடம் பிரெஞ்சு. மொத்தம் நூறு வார்த்தை இருந்தால் அதிகம். எது ஆண்பால் எது பெண்பால் என்று கவலையே கிடையாது. ஆனால் ‘துமான், மதாம்’ என்று சொல்லி நாளைக்குத் தருவதாக அட்வான்ஸ் வாங்கிவிடுவார். அவர்கள் சொன்னது புரியாவிட்டால் இஞ்ச் டேப்பை நீட்டுவார், பழைய சட்டையைக் காட்டுவார், மறுபடி கேட்பார். ஒரு தடவைகூட முகம் சுருங்கி நான் பார்க்கவில்லை. அவருக்குச் சட்டை விற்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ, பிரெஞ்சு தெரிந்தவள் என்று பெயர் வாங்க வேண்டும். ஸ்கூலில் ஆங்கிலம் தப்பாகப் பேசி வகுப்பே சிரித்த நாளிலிருந்து தூக்கிக்கொண்டு திரிந்த பயத்தைத்தான் லீல் வரை கொண்டுபோயிருந்தேன். உன் கடிதத்தில் வரிசையில் நின்ற ஆறேழு பேரைப் பற்றி எழுதியிருந்த இடத்தைப் படித்ததும் உன்னுடையதும் அதுதான் என்று பட்டது. அவர்களுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், உன் இலக்கணத்தைப் பார்க்க நேரமில்லை.

சரி, செய்ய வேண்டியது. ஸ்கேன் கவுன்ட்டரை விடு. சேன் ஒபான் தேவாலயத்தைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தை கூடும், அங்கே போ. ஒரே காய்கறிக் கடைக்கு, வாராவாரம், கூட்டம் சேர்வதற்கு முன்னால். முதலில் ‘போன்ஜூர்’ சொல். நம் ஊரில் ‘அண்ணே, தக்காளி என்ன விலை’ என்று நேராக ஆரம்பிப்போம், அங்கே அது மரியாதைக் குறைவு, பல பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்குக் காரணமே இதுதான். யாராவது ஆங்கிலத்துக்கு மாறினால் ‘ஆன் ஃப்ரான்சே, சில் வூ ப்ளே, ஜாப்ரான்’ என்று சிரித்துக்கொண்டே சொல், பிரெஞ்சிலேயே பேசுங்கள், கற்றுக்கொள்கிறேன் என்று. பெரும்பாலும் அவர்கள் மாறுவது உதவி செய்வதாக நினைத்துத்தான். வார்த்தை கிடைக்காதபோது நாம் ‘வந்து... அது என்னன்னா...’ என்று இழுப்போமே, அதற்கு அவர்களிடம் ‘ஆன் ஃபெத்’, ‘து கூ’ எல்லாம் இருக்கிறது, ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழும், எடுத்துக்கொள்.

எண்களுக்கு மட்டும் தனியாக உட்கார வேண்டும். போன் நம்பரை இரண்டு இரண்டாகச் சொல்வார்கள், 78-ஐ ‘அறுபது பதினெட்டு’ என்பார்கள், 92-ஐ ‘நாலு இருபது பன்னிரண்டு’ என்பார்கள், நீ 60 எழுதி முடிப்பதற்குள் அடித்துத் திருத்த வேண்டியிருக்கும். எரிச்சல் வந்தால் நம் தொண்ணூறை நினைத்துக்கொள். நூறே ஆகாத எண்ணுக்குள் நூறு என்ன செய்கிறது என்று தமிழ் படிக்க வருகிறவர் கேட்டால் என்ன சொல்வாய்?

சீனியர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஒன்பது மணி நேரம் அந்நிய மொழியில் மூளை வெந்து வீட்டுக்கு வரும்போது ரசம் வைத்துத் தமிழில் புலம்ப ஆள் வேண்டும். லீலில் எனக்கு அப்படி யாரும் இல்லை, அது பிரெஞ்சுக்கு நல்லதாக இருந்ததா என்று தெரியாது, எனக்கு நல்லதாக இல்லை. வேண்டுமானால் சந்தைக்கு நாலு பேரும் போங்கள், ஆனால் வேறு வேறு கடைக்கு.

தொண்டைக்குள் வரும் அந்த ‘ர’ எனக்கு இன்றைக்கும் வராது, அதைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே. சு ஸ்ரா தூ.

அன்புடன்
அக்கா