மூன்று விலையும் சரிதான், தேதியைப் பாருங்கள்

தாத்தா 1965 முதல் 1968 வரை லண்டனிலிருந்து அனுப்பிய பவுண்டுக்கு ஓரிடத்தில் 13.33 ரூபாய், இன்னோரிடத்தில் 21, வேறோரிடத்தில் 18 என்று இருக்கிறது, எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். மூன்றுமே சரிதான், தேதிதான் வேறு.

ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்பது 1927-லேயே சட்டமாகிவிட்டது. அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ், வகுத்தால் 13.33 வரும். 1949-இல் பவுண்டோடு சேர்ந்தே ரூபாயும் இறங்கியதால் இது மாறவில்லை. 1966 ஜூன் 6-இல்தான் டாலர் 4.76-இலிருந்து 7.50 ரூபாயாக, பவுண்டு 21 ஆனது. அப்புறம் 1967 நவம்பர் 18-இல் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலரிலிருந்து 2.40-க்கு இறக்கியது, ரூபாய் அசையவில்லை, அதனால் 18. அதே பத்து பவுண்டுக்கு வீட்டில் முதலில் சுமார் 133, பிறகு 210, கடைசியில் 180 ரூபாய் கிடைத்திருக்கும்.

தயவுசெய்து ஆண்டுச் சராசரியை எடுக்காதீர்கள், 1966-க்கும் 1967-க்கும் அது கணக்கைக் கெடுத்துவிடும். உறையில் உள்ள அஞ்சல் முத்திரையைப் பாருங்கள், ஆனால் பணம் வங்கியில் மாற்றப்பட்ட நாள்தான் கணக்கு. பாஸ்புக்கில் சில ரூபாய் குறைந்திருந்தால் அது வங்கியின் கமிஷனாக இருக்கலாம்.