கேள்வி நேரம்: காரைக்காலைத் தாண்டி கலெக்டர் ஆபீஸ்

கேள்வி: மயிலாடுதுறை நாகை மாவட்டத்தில் இருந்த காலத்தில், கலெக்டரைப் பார்க்க வேறு மாநிலத்துக்குள் புகுந்து போனோம் என்கிறார் என் மாமியார். கதை விடுகிறாரா?
- ஒரு வாசகி, சீர்காழி

பதில்: மாமியார் சொல்வது நிஜம்தான் அம்மா. ஒரே ஒரு திருத்தம்: காரைக்கால் வேறு மாநிலம் அல்ல, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் பகுதி. 1991 அக்டோபரில் தஞ்சாவூரிலிருந்து நாகை மாவட்டம் பிரிந்தபோது திருவாரூர், நன்னிலம் பக்கமெல்லாம் அதில்தான் இருந்தன. 1997-இல் திருவாரூர் தனி மாவட்டமானதும் நிலத்தொடர்ச்சி அறுந்தது. வடக்கே சீர்காழி, மயிலாடுதுறை, தரங்கம்பாடி. தெற்கே நாகை, வேதாரண்யம். நடுவில் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்கால்! என் சித்தப்பாவும் பட்டா விவகாரத்துக்காக அந்த வழியில் பஸ் ஏறியவர்தான். திரும்பும்போது காரைக்காலில் ஏன் இறங்குவார் என்று சித்தியைக் கேட்டால் தெரியும்.

2020 டிசம்பர் 28-இல் மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியதும் அந்த அலைச்சல் தீர்ந்தது. நாகைக்கு மிஞ்சியவை நான்கே தாலுகாக்கள்.

இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் தஞ்சை ஜில்லாவுக்கே தலைமையிடம் 1845 வரை நாகைதான். அந்த வருஷம் டேனிஷ்காரர்களிடமிருந்து தரங்கம்பாடியை விலைக்கு வாங்கிய கையோடு கலெக்டர் கச்சேரியை, அதாவது அலுவலகத்தை, அங்கே மாற்றினார்கள். தஞ்சாவூருக்கு அது போனது 1860-இல். கடலோரத்திலிருந்து தஞ்சையை ஆண்டவர்களுக்குக் கப்பல்தானே முக்கியம்!