அவசரத்துக்குக் கை கொடுக்குமா கார் கேமரா?

காரின் முன்கண்ணாடியில் பொருத்தும் டேஷ்கேம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: பெட்டியில் '4கே' என்று பெரிதாகப் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். இரவில் எதிரே வரும் ஒரு வண்டியின் நம்பர்கூடத் தெரியவில்லை. கேமராவில் கோளாறா?

கோளாறு என்று உடனே சொல்லிவிட முடியாது. முதலில் அந்த '4கே' நிஜமானதுதானா என்று பாருங்கள். 4கே படத்தில் 3840 × 2160 புள்ளிகள் உண்டு, ஏறக்குறைய 83 லட்சம். அத்தனை புள்ளிகளும் நிஜமாகப் பதிவாக 8 மெகாபிக்சல் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) வேண்டும். ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். 2 அல்லது 5 மெகாபிக்சல் சென்சாரை வைத்துவிட்டு, மென்பொருளால் படத்தை இழுத்துப் பெரிதாக்கி '4கே' என்று விற்கிறார்கள். சென்சாரின் பெயர் இதைக் காட்டிக் கொடுத்துவிடும். சோனியின் ஐஎம்எக்ஸ் 307 என்றால் 2 மெகாபிக்சல், 335 என்றால் 5. 415, 678 இரண்டும் 8. விவரத்தாளில் சென்சார் பெயரே இல்லாத மாடலை வாங்காதீர்கள். 335 சென்சாரில் எடுத்த 1440பி (4கே-வைவிடச் சிறிய அளவு) படம், இழுத்து நீட்டிய 4கே-வைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது கோணம். 170 டிகிரி என்றால் எல்லாம் தெரியும் என்று தோன்றும். ஆனால் அதே புள்ளிகளை அகலமான காட்சிக்குப் பங்கு போடுவதால் நம்பர் பிளேட் சுருங்கிவிடும். 130 முதல் 140 டிகிரி போதும்.

ஆனால் இரவில் நிஜ 4கே-வும் திணறும். வெளிச்சம் போதாமல் ஷட்டர் நொடியில் 30-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது என்று வையுங்கள். 60 கி.மீ. வேக வித்தியாசத்தில் உங்களைக் கடக்கும் வண்டி அதற்குள் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். பிளேட்டில் உள்ள எழுத்தெல்லாம் ஒரே இழுப்பாகத்தான் பதியும். எந்தப் பெட்டியிலும் இதை எழுதமாட்டார்கள். எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியச் செய்யும்) வசதி ஹெட்லைட் கூச்சத்தைக் குறைக்கும், அசைவின் மங்கலை நீக்காது. அதனால் மைக்கை அணைக்காதீர்கள். கண்ணில் பட்ட நம்பரை உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். படத்தில் இல்லாவிட்டாலும் குரலில் இருக்கும். முன்கண்ணாடியின் உட்புறத்தையும் துடையுங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பி அங்கே படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பகலில் தெரியாது. இரவில் எதிர் விளக்கு ஒவ்வொன்றையும் வெண்புகையாக்கிவிடும்.

கேள்வி: கேமரா அடிக்கடி 'கார்டு பிழை' என்கிறது. கழற்றிப் போட்டால் சரியாகிவிடுகிறது. 128 ஜிபி கார்டு. ஒருமுறை மூன்று நாளுக்கு முந்தைய பதிவைத் தேடினேன், இல்லவே இல்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் கேமரா 4கே-யில் நொடிக்கு 48 மெகாபிட் எழுதுகிறது என்றால் அது 6 மெகாபைட், மணிக்கு 21.6 ஜிபி. 128 ஜிபி கார்டு ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. தினம் இரண்டு மணி நேரம் ஓட்டினால் நான்காம் நாள் முதல் நாளின் பதிவு அழிந்திருக்கும். பின் கேமராவும் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால் தேவையான பதிவை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கழற்றிப் போட்டால் சரியாகிறது என்பது கார்டு தேய்ந்துவருவதற்கான அறிகுறி. போனுக்கான சாதாரண கார்டு எப்போதாவது எழுதப்படுவதற்கு உருவானது. டேஷ்கேமில் அது ஓயாமல் அழித்து எழுதப்படுகிறது, அதுவும் கொதிக்கும் காருக்குள். 'ஹை என்டியூரன்ஸ்' (நீண்ட உழைப்பு) என்று அச்சிட்ட வகையைத்தான் வாங்க வேண்டும். 4கே-க்கு வி30 குறியும் இருக்கட்டும். நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் தொடர்ந்து எழுதும் என்பது அதன் பொருள். கேமரா ஏற்கும் உச்ச அளவைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிரபல பெயரில் போலிக் கார்டுகளும் வருகின்றன. உள்ளே இருப்பது 8 ஜிபி, வெளியே சொல்வது 128. கோப்பின் பெயர் பட்டியலில் இருக்கும், திறந்தால் ஒன்றுமே இருக்காது. புதுக் கார்டை கேமராவில் போடும் முன் கணினியில் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன.

பலர் கவனிக்காத இன்னொன்று ஜி-சென்சார். அதிர்ச்சி வந்தால் அந்தக் கோப்பை அழியாமல் பூட்டிவைப்பது அதன் வேலை. உணர்திறன் 'ஹை' என்று இருந்தால் ஒவ்வொரு வேகத்தடையும் விபத்தாகிவிடும். பூட்டிய கோப்புகள் குவிந்து, புதிதாக எழுத இடமில்லாமல் போகும். 'லோ' போதும். மாதம் ஒருமுறை, வேண்டியதை எடுத்துக்கொண்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கோப்பின் நீளத்தை 1 அல்லது 3 நிமிடத்தில் வையுங்கள். ஒன்று கெட்டாலும் இழப்பு அவ்வளவுதான். பதிவு ஓடும்போது கார்டைப் பிடுங்காதீர்கள்.

கேள்வி: வண்டி நிற்கும்போதும் பதிவாகட்டும் என்று ஃபியூஸ் பாக்ஸிலிருந்து இணைப்புக் கொடுத்தேன். இரண்டு நாள் விட்டு எடுத்தால் ஸ்டார்ட் ஆகவில்லை.

வண்டி நிற்கும்போது நடக்கும் பதிவில் கேமரா 0.3 ஆம்பியர் இழுத்தால், இரண்டு நாளில் 14.4 ஆம்பியர்-மணி போயிருக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. பேட்டரி பழையதென்றால் பாதிக்கு மேலேயே இருக்கும். தினமும் பத்து நிமிடம் ஓட்டுவது அதை ஈடுகட்டாது.

கேமராவை ஃபியூஸ் பாக்ஸோடு இணைக்கும் ஹார்டுவயர் கிட்டில், மின்னழுத்தம் குறைந்ததும் துண்டிக்கும் அமைப்பு இருக்கும். 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 ஏறத்தாழ பாதி. துண்டிப்பு 11.8-ல் இருந்தால் பேட்டரி ஏற்கெனவே காலி என்று அர்த்தம். 12.2-க்கு மாற்றுங்கள்; 12.4 இருந்தால் இன்னும் நல்லது.

வயரிங்கையும் பாருங்கள். மூன்று வயர்கள்: எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்கு ஒன்று, சாவி போட்டால் மட்டும் வரும் ஏசிசி-க்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று. ஏசிசி வயரையும் நிரந்தர மின்சாரத்தில் செருகிவிட்டால், வண்டி நின்றதே கேமராவுக்குத் தெரியாது. முழு வேகத்தில் பதிவு செய்துகொண்டே இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள், கிட்டுக்குக் கிட் மாறும். வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். சாவியை எடுத்த பிறகு அரை மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் மின்சாரம் தாமதமாகத்தான் நிற்கும். எர்த்தைப் பெயின்ட் இல்லாத உலோக போல்ட்டில் முறுக்குங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாடு ஆகியவற்றின் ஃபியூஸைத் தொடவே கூடாது. கதவோரத் தூணில் வயர் இறக்கும்போது பக்கக் கண்ணாடியோரம் திரைபோல் விரியும் ஏர்பேக்கின் பின்புறமாகக் கொண்டுபோங்கள். முன்னால் போனால், விபத்தில் அது விரியும்போது வயர் குறுக்கே நிற்கும்.

நாள்கணக்கில் காவல் வேண்டுமென்றால் கேமராவுக்கெனத் தனியாக ஒரு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைப்பதே சரி.

கேள்வி: வெயிலில் நிறுத்திய காரில் கேமராவின் முதுகு உப்பிவிட்டது. பயன்படுத்தலாமா?

கூடாது. உள்ளே உள்ள லித்தியம் பேட்டரி வெப்பத்தில் வீங்கியிருக்கிறது. சார்ஜ் ஏற்றாதீர்கள், அழுத்தாதீர்கள், மின்கழிவாக ஒப்படையுங்கள். அடுத்து வாங்குவது, பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் (கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பாகம்) உள்ளதாக இருக்கட்டும். மின்சாரம் நின்ற பின் சில நொடிதான் தாங்கும். கடைசிக் கோப்பை மூடி வைக்க அது போதும், வெயிலையும் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி: எங்கே ஒட்டுவது? எங்களுடையது அடிக்கடி விழுகிறது.

பின்னால் வருவதைக் காட்டும் உட்கண்ணாடிக்குப் பின்னால், பயணி பக்கமாக, ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள். கண்ணாடியின் மேல் விளிம்பில் உள்ள கருப்புப் புள்ளிகளின் மேல் ஒட்டினால் டேப் பிடிக்காது. உங்களுடையது விழுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, தாங்கியை மட்டும் ஒட்டி அரை நிமிடம் அழுத்துங்கள். கேமராவை மறுநாள் மாட்டுங்கள். வண்டியிலேயே பாதுகாப்புக் கேமரா இருந்தால் அதை மறைக்கக் கூடாது. டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் பிரதிபலித்தால், அதைக் குறைக்க லென்ஸில் மாட்டும் சிபிஎல் ஃபில்டர் உதவும். ஆனால் அது வெளிச்சத்தைக் குறைக்கும், இரவில் கழற்றுங்கள்.

கேள்வி: பதிவில் சிக்னல் விளக்கு அணைந்தே தெரிகிறது!

எல்இடி விளக்கு கண்ணுக்குத் தெரியாமல் மின்னுகிறது. கேமராவின் வேகமும் அதுவும் ஒத்துப்போனால் சில நொடிகள் அணைந்ததுபோல் பதிவாகும். அமைப்பில் உங்கள் நாட்டு மின்சாரத்துக்கேற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் குறையும். சிக்னல் நிறத்துக்குச் சாட்சியாக ஒற்றைப் படத்தைக் காட்டாதீர்கள், முழு வீடியோவைக் காட்டுங்கள்.

கேள்வி: விபத்து நடந்தால் பதிவை என்ன செய்ய வேண்டும்?

யாருக்காவது அடிபட்டதா என்று கவனித்த பிறகு, கேமராவின் பூட்டுப் பொத்தானை அழுத்துங்கள். அது நடப்புக் கோப்பை மட்டும் பூட்டலாம். மோதலுக்கு முந்தைய நிமிடம் வேறு கோப்பில் இருக்கலாம். அதனால் மின்சாரத்தை நிறுத்தி, விளக்கு அணைந்ததும் கார்டை எடுத்துவிடுங்கள். மோதலுக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடக் கோப்புகளை அப்படியே நகலெடுங்கள். வெட்டாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள். மெசேஜ் ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள் அல்லது பென்டிரைவில் கொடுங்கள். மூலக் கார்டைத் தனியே வைத்துவிட்டு வண்டியில் வேறு போடுங்கள்.

பதிவு செய்வது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2018-ல், தொடர்ந்து பதிவு செய்வது தரவுப் பாதுகாப்பு விதிக்கு முரண் என்று சொன்னபோதும், அந்த வீடியோவை விபத்து வழக்கில் சாட்சியாக ஏற்கலாம் என்றது. பயணிகளிடம் மைக் ஓடுவதைச் சொல்லிவிடுங்கள்.

கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். ஜிபிஎஸ் இருந்தால் நேரத்தை அதனோடு இணைத்து, நேர மண்டலத்தைச் சரியாக வையுங்கள். இல்லையென்றால், கார்டை எடுக்கும் முன் பதிவு ஓடும்போதே போனின் கடிகாரத்தை லென்ஸ் முன் சில நொடி காட்டுங்கள். எத்தனை நிமிட வித்தியாசம் என்பது அந்த வீடியோவிலேயே பதிவாகிவிடும்.