கான்சஸுக்காக ஏன் அவ்வளவு சண்டை?
1850களில் அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இருந்த அடிமைமுறையை யாரும் தொடப்போவதில்லை என்றால், ஆளே இல்லாத கான்சஸுக்காக ஏன் வெட்டிக்கொண்டார்கள் என்று கேட்டிருந்தீர்கள். தேர்வு நெருங்கிவிட்டது என்பதால் நேராகச் சொல்கிறேன்: செனட், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை.

மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் அங்கே மாநிலத்துக்கு இரண்டு இடம்தான், அதனால் கான்சஸ் போன்ற புது மாநிலம் எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கத்துக்கு இரண்டு இடம் கூடும். கீழவையில் வடக்கு முந்திவிட்டதால் தெற்குக்கு மிஞ்சிய பிடி அது. 1819இல் அடிமை மாநிலங்களும், அடிமைமுறை இல்லாத சுதந்திர மாநிலங்களும் 11க்கு 11 என்று சமமாக இருந்தன. மிசௌரி அடிமை மாநிலமாக வர, மெய்னைச் சுதந்திர மாநிலமாகச் சேர்த்துச் சமாளித்தார்கள், கூடவே லூசியானா நிலப்பரப்பில் மிசௌரி தவிர 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று கோடும் போட்டார்கள். 1850இல் கலிபோர்னியா சுதந்திர மாநிலமாக நுழைந்ததும் தராசு சாய்ந்துவிட்டது.

அப்புறம் 1854. செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த சட்டம் அந்த எல்லைக்கோட்டை நீக்கி, அதற்கு வடக்கே இருந்த கான்சஸில் அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1855 மார்ச் தேர்தலில் கான்சஸில் வாக்குரிமை உள்ளவர்கள் 2,905 பேர், விழுந்த ஓட்டோ ஆறாயிரத்துக்கும் மேல்! பக்கத்து அடிமை மாநிலமான மிசௌரியின் ஆட்கள் துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, வந்த வழியே ஊர் திரும்பினார்கள். சுத்தமான கள்ள ஓட்டு.

"ஆளே இல்லாத" என்று மட்டும் விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள், ஷாவ்னி, டெலவேர் போன்ற பழங்குடியினர் அங்கே இருந்தார்கள், அவர்களை யாரும் கேட்கவே இல்லை. 1856 மே மாதத்தையும் விடாதீர்கள்: 21ஆம் தேதி கான்சஸில் அடிமைமுறை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் நகரம் சூறை, மறுநாளே செனட் அவைக்குள் அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சார்லஸ் சம்னரை, தெற்கைச் சேர்ந்த கீழவை உறுப்பினர் பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடி உடையும்வரை அடித்தார்.